உளியைக் கீழே வைக்கச் சொன்னவர்

ஜூன் 9, திங்கள்

பார்கோடு படிக்கும் கருவி மறுபடியும் படுத்துவிட்டது. பழுது பார்ப்பவர் வியாழனுக்கு முன்னால் வரமாட்டாராம். அதுவரை ரத்தக் குழாய்களின் எண்களைக் கையால்தான் தட்ட வேண்டும். "கவனமாகப் பணியாற்றவும்" என்று ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டச் சொன்னார் முதலாளி. எழுதினேன், ஒட்டினேன். இந்த ரத்தப் பரிசோதனை லேபில் மேலாளர் என்று பெயர்தான் எனக்கு. எது நடந்தாலும் அதற்கு ஓர் அறிவிப்பு எழுதுவதுதான் வேலை.

புதுத் தலைமை டாக்டர் வந்து மூன்று மாதமாகிறது. 'முற்றுப்புள்ளி' என்று பெயர் வைத்திருக்கிறோம் அந்த அம்மாவுக்கு. காலையில் வணக்கம் சொன்னால் "ம்". அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. இவரோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறோமோ.

ஜூன் 10, செவ்வாய்

ஒரே கூட்டம். சாப்பிடவே மூன்று மணி ஆகிவிட்டது. எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ஒரு கையெழுத்துக்காக டாக்டரின் அறையில் நின்றிருந்தேன். குருவி உள்ளே வந்தாள். எங்கள் டெக்னீசியன், சின்ன உருவம், ஓயாத பேச்சு, அதனால் அந்தப் பெயர். இன்று திக்கித் திக்கித்தான் சொன்னாள். நேற்று ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் குழாய்களை ஸ்டாண்டில் அடுக்கி, அதே வரிசையில் எண்களைத் தட்டியது அவள். ஆனால் இயந்திரத்துக்குள் வைக்கும்போது ஸ்டாண்டைத் திசை மாற்றி வைத்துவிட்டாள். முதல் ஆளின் முடிவு கடைசி ஆளுக்கு, கடைசி ஆளுடையது முதல் ஆளுக்கு. நேற்று சாயங்காலமே எல்லோருடைய செல்போனுக்கும் போய்விட்டது. இயந்திரத்தைச் சரிபார்க்க வைக்கும் சிவப்பு மூடிக் குழாய் எப்போதும் முதல் ஓட்டையில் இருக்கும். இன்று காலை இயந்திரத்தைத் துடைக்கப் போனவள் அது கடைசியில் இருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள், ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்தான் இந்தச் சோதனைக்கு வருகிறார்கள். எங்கள் எண்ணைப் பார்த்துத்தான் அவர்களுடைய டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும்.

"எப்ப பார்த்தே?" என்றார் டாக்டர்.

"இப்பதான் மேடம். பார்த்ததும் ஓடி வந்தேன்."

"நல்லது. முகத்தைக் கழுவிட்டு வா. நிறைய வேலை இருக்கு."

அவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை. நானாக இருந்தால் கத்தின கத்தலில் கூரை பிய்ந்திருக்கும்.

முதலாளி வந்தார். வழக்கம்போல என்னை எழுதச் சொன்னார். நானும் வழக்கம்போல எழுதினேன்: "தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் சில முடிவுகளில் வேறுபாடு இருக்க வாய்ப்புள்ளது." டாக்டர் அதை வாங்கிப் படித்தார். "தவிர்த்திருக்கலாமே. தொழில்நுட்பம் என்ன பண்ணுச்சு, பாவம்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "வக்கீலைக் கேட்டுட்டு நாளைக்கு அனுப்பலாம். பெரிய ஆஸ்பத்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகப் போற நேரம். இப்பப் போய் நாமளே நம்ம பேரைக் கெடுத்துக்கணுமா?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சார் இந்த மாத்திரையைப் போடுவாங்க. நேத்து ஒண்ணு போட்டாச்சு. அடுத்ததைப் போடறதுக்குள்ள சொன்னாத்தான் அது தகவல். நாளைக்குச் சொன்னா வெறும் லெட்டர்."

பிறகு அவர் செய்தது எனக்கு முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. லேபில் இருந்த எல்லாத் தொலைபேசிகளையும் ஒரே நீள மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து பேசக் கூடாதாம். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ வேண்டுமாம். பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்: "உங்களுக்கு அனுப்பிய ரிசல்ட் தவறு, தவறு எங்களுடையது." பேரைச் சரிபார்த்ததும் இதைத்தான் சொல்ல வேண்டும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு தொலைபேசியை அவரிடம் கொடுக்க வேண்டும்.

முதல் அழைப்பை அவரே செய்தார். மறுமுனையில் ஒருவர் போட்ட கூச்சல் எங்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. டாக்டர் குறுக்கே பேசவில்லை. அந்த ஆள் மூச்சு வாங்கியபோது, "நீங்க கோபப்படறது நியாயம்தான். இப்ப உங்க சரியான நம்பரைச் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?" என்றார். அதைக் கேட்ட பிறகு எங்களுக்கும் பேச வந்துவிட்டது. குருவியைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். இரண்டாவது அழைப்பு குருவியுடையது. அழுதுகொண்டே சொன்னாள். ஆனால் முழுசாகச் சொன்னாள்.

நாலு மணிக்குள் ஒருவர் தவிர எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். அந்த ஒருவர் ஒரு தச்சர்.

அவர் ரத்தம் இருக்க வேண்டியதைவிட ரொம்பவே நீர்த்திருக்கிறது. நாங்களோ ரத்தம் கெட்டியாக இருக்கிறது என்று அனுப்பியிருக்கிறோம். அவருடைய டாக்டரைக் கேட்டால், நேற்றே மாத்திரையைக் கூட்டிவிட்டாராம். செல்போன் அணைந்து கிடக்கிறது. எங்களிடம் இருக்கும் முகவரியில் வீட்டைக் காலி செய்து மாதக்கணக்காகிறதாம். வேலையோ உளியும் ரம்பமும். ஒரு கீறல் பட்டால் ரத்தம் நிற்காது. இன்னொரு மாத்திரையும் உள்ளே போனால்?

"தச்சு வேலை நடக்கற இடத்துல வேற என்ன இருக்கும்? யோசிங்க" என்றார் டாக்டர்.

"எங்க வீட்டுல அலமாரி செஞ்சப்ப நாள் முழுக்க ரேடியோ காதைப் பிளந்துச்சு மேடம்" என்று நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார்.

முதலாளி வாசலை மறிக்காத குறை. "ரேடியோல சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடும்மா!"

"ஊருக்குத் தெரியணும்னுதான் சார் போறேன்."

ரேடியோ நிலையத்துக்கு வண்டியை நான்தான் ஓட்டினேன். ஒலிபரப்பு அறையில் பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பேசவிட்டார்கள். எந்த லேப் என்று சொன்னார். பிறகு, "நேத்து எங்ககிட்ட ரத்தம் கொடுத்த ஒரு தச்சரைத் தேடறோம். அவருக்குத் தப்பான ரிசல்ட் அனுப்பிட்டோம். ஐயா, உளி கையில இருந்தா கீழ வெச்சுடுங்க. இன்னிக்கு அந்த மாத்திரையைப் போடாதீங்க. உடனே பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க. கூட வேலை செய்யறவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, அவரைத் தனியா அனுப்பாம கூடவே போங்க" என்றார்.

"யாரு மேடம் பண்ணின தப்பு?" என்று அறிவிப்பாளர் கேட்டார். எனக்குத் திக்கென்றது. குருவி லேபில் கேட்டுக்கொண்டிருப்பாளே.

"எங்க லேப் பண்ணின தப்பு. லேபுக்குத் தலைமை நான்."

திரும்பி வந்து காத்திருந்தோம். விளக்குப் போடும் நேரத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. பக்கத்தில் கதவுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவர் ரேடியோவைக் கேட்டு தச்சரைக் கையோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். மத்தியானம் விரலில் பட்ட வெட்டு. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறார் மனுஷன். துணி முழுக்க ரத்தம். ரத்தம் உறைய ஊசி போட்டுவிட்டார்கள், இனிப் பயமில்லை.

குருவி மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். நானும்தான். முற்றுப்புள்ளி "ம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 12, வியாழன்

பேப்பரில் வந்துவிட்டது. காலையிலிருந்து தொலைபேசியில் வசவு. நடுநடுவே, "சொன்னதுக்கு நன்றி" என்றும் சிலர்.

மனைவி பேப்பரைப் படித்துவிட்டு, "பரவாயில்லையே, உங்க ஆபீஸ்லயும் மனுஷங்க பேசற மாதிரி பேச ஒரு ஆள் இருக்காங்க. நீங்க எழுதற நோட்டீஸைப் படிச்சா எனக்குத் தலைவலிதான் வருது" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போய்விட்டது. முதலாளி அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜூன் 14, சனி

ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று லேப் முழுக்க குசுகுசுப்பு. டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். "ஒப்பந்தம் போனது உண்மை. இந்த மாசச் சம்பளம் வரும், கேட்டுட்டேன். அடுத்த மாசம் எப்படின்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்."

தெரியல என்று ஒருவர் சொல்லி மனசு லேசாகுமா? ஆகிறதே! இதே இடத்தில் நான் "வதந்திகளை நம்ப வேண்டாம்" என்று ஒட்டியிருந்தால் பாதிப் பேர் இன்றைக்கே வேறு வேலை தேடியிருப்பார்கள்.

ஒரு குறை எழுதித்தான் ஆக வேண்டும். ரேடியோ யோசனை என்னுடையது. அதற்கு ஒரு "ம்" கூடக் கிடைக்கவில்லை.

ஜூன் 18, புதன்

முதலாளி கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். டாக்டரை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் தயார் செய்ய வேண்டுமாம். "மெஷின் ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டாங்க." நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

கணினி முன்னால் உட்கார்ந்தேன். தேதி போட்டேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. எத்தனை சப்பைக்கட்டுகள் எழுதிய விரல், இன்றைக்கு மட்டும் என்ன வந்ததாம்?

ஜூன் 20, வெள்ளி

கடிதம் எங்கே என்று கேட்டார். பிரிண்டர் சரியில்லை என்றேன். பிரிண்டர் பாவம், அருமையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் கூட்டம் குறைவு. முதலாளி வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நின்று காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் கட்டுப் போட்ட ஒருவர் உள்ளே வந்தார். ரத்தம் உறையும் சோதனை என்று சொல்லிப் பேரைக் கொடுத்தார். பேரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் தச்சர்.

முதலாளிக்கும் புரிந்துவிட்டது. அவரேதான் கேட்டார். "எதிர்லயே ஒரு லேப் இருக்கே. இவ்வளவு நடந்தப்புறமும் எங்ககிட்டயே வந்திருக்கீங்க?"

தச்சர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார். "தப்பு அங்கயும் நடக்கும் சார். நடந்தா சொல்வாங்களான்னு எனக்குத் தெரியாதே."

குருவி வந்து அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். முதலாளி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிரிண்டர் சரியாயிடுச்சா?"

இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது.

"கெட்டே போகல சார். அந்த லெட்டரை டைப் பண்ண எனக்கு மனசு வரல. தப்பு என்னோடதுதான்."

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி, டைப் பண்ண வேண்டாம்" என்றார்.