திருநீறு போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய்

ஆவணி, சனிக்கிழமை இரவு.

மதுரையில் பழங்காசு வியாபாரி சொன்னது இன்னும் மனசைக் குடைகிறது.

பழைய வீட்டை இடிக்கிறோம். வாசல் நிலையின் இடது காலைப் பெயர்த்தபோது அடியில் ஒரு வெள்ளி ரூபாய் கிடைத்தது. நிலை வைத்த அன்றைக்குப் போட்டது. மை மாதிரி கறுத்துக் கிடந்தது. "அப்படியே கொண்டு போங்க" என்றாள் என் மனைவி செல்வி. நான் பெரிய இவன் மாதிரி, "உனக்கு என்ன தெரியும்?" என்று திருநீறு போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது.

வியாபாரி லென்ஸை வைத்துப் பார்த்தார். "ராஜா தலையில ஒரு முடிகூட மழுங்கல. கை மாறாத காசு, முதல் தரம். எவன்யா இதப் போட்டுத் தேச்சது?" வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். முகமெல்லாம் நூல் நூலாகக் கீறல். "அந்தக் கறுப்புதான் இதுக்கு அழகே. இப்ப மூணாந்தரம்."

எவன் என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "நிலைக்கு ரெண்டு காலுல்ல? வலது காலு இன்னும் மண்ணுக்குள்ளதான நிக்கிது" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. ஒரு காலுக்கு மட்டுமா காசு போட்டிருப்பார்கள்?

காலையில் பெயர்க்கப் போகிறோம். இருந்தால் அவளே எடுக்கட்டும்.

படுக்கும் முன் நெற்றியில் பூசலாம் என்று போனேன். திருநீற்று டப்பாவைக் காணோம். ஒளித்து வைத்துவிட்டாள்.