கல்யாணத்துக்குக் கிளம்பி ஒகேனக்கல் போன கதை

என் அன்புக் கலா அக்காவுக்கு,

நேற்று மாலதி வீட்டுக்கு வந்திருந்தாள். மாமாவின் சித்தப்பா மகள்தான். காப்பியைக் குடித்துக்கொண்டே, "அண்ணே, என் கல்யாணத்தன்னிக்கு உண்மையிலேயே வண்டி பஞ்சரா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்திருக்கிறாள். உன் வீட்டுக்காரரான மாமா திருதிருவென்று விழித்துவிட்டு, "தனம், நீயே சொல்லிடு" என்று என்னை மாட்டிவிட்டார். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அப்போது உனக்கு இடது மார்பை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தட்டாஞ்சாவடி பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பெண்களையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டாய். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் வரமாட்டாய். வீட்டுக்குள் நடக்கும்போதுகூட ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டிருப்பாய்.

மாலதியின் கல்யாணத்துக்கு உன்னைக் கெஞ்சித்தான் கிளப்பினோம். விடிவதற்கு முன்பே உன்னையும் என்னையும் உன் பெண் ரேவதியையும் ஏற்றிக்கொண்டு மாமா வேனை எடுத்தார். செஞ்சி தாண்டியதும் நீ அழ ஆரம்பித்தாய்.

"என்னால முடியாதுங்க. யாரும் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டாங்க. நெஞ்சத்தான் பாப்பாங்க. வண்டியத் திருப்புங்க."

மாமா வண்டியைத் திருப்பவில்லை. திருவண்ணாமலை வந்தது. மண்டப வாசலில் வாழைமரம், உள்ளே மேளச் சத்தம். வேன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க, மண்டபம் போயிடுச்சு!"

"போவட்டும். ஒகேனக்கல் போலாம். அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

"கல்யாண வூட்டுல என்ன சொல்றது?"

"வண்டி பஞ்சர்னு சொல்லிக்கலாம்."

பின் சீட்டில் ரேவதி போட்ட கூச்சலில் உனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பட்டுப்புடவையோடு அருவியில் நிற்க முடியுமா? அங்கேயே கடையில் ஆளுக்கொரு நைட்டி வாங்கினோம். ஆனால் நீ உடை மாற்றிக்கொண்டு வந்து, "நீங்க போங்க, நான் பைய பாத்துக்கறேன்" என்று கல்லில் உட்கார்ந்துவிட்டாய். ரேவதி விடவில்லை. "நீ வந்தாத்தான் போவேன்மா" என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் அவளையே பார்த்திருந்த நீ, பைகளை மாமாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாய்.

பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நம் முதுகில் தண்ணீர் அறைந்தது. மூச்சு முட்ட முட்ட நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது!

வெளியே வந்தபோது நனைந்த நைட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. தலையில் எண்ணெய் வழிய நின்ற ஒருத்தி உன்னை உற்று உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டேவிட்டாள்.

"ஏம்மா, ஒனக்கு ஒரு பக்கம் என்ன ஆச்சு?"

நான் துண்டோடு ஓடி வந்தேன். நீ என் கையைத் தள்ளிவிட்டாய். "கேன்சர் வந்துச்சு. எடுத்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கேன்!" அருவிச் சத்தத்தையும் மீறி நீ சொன்னது சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது. நிமிர்ந்து நின்றாய் அக்கா. நான்தான் துண்டோடு ஒதுங்கி நின்றேன்.

அவள் நம் பின்னாலேயே உடை மாற்றும் இடத்துக்கு வந்தாள். "தப்பா எடுத்துக்காத. எனக்கும் இங்க கட்டி மாதிரி ஒண்ணு இருக்குது. வலிக்கல. வூட்ல சொல்ல வெக்கமா இருக்குது" என்றாள். அப்போதுதான் அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று புரிந்தது.

நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். "எனக்குந்தான் வலிக்கல. வலிக்கலன்னு சும்மா இருந்துட்டேன். நீ இருக்காத." அதோடு விட்டாயா? வெளியே வறுத்த மீனோடு காத்திருந்த அவள் புருஷனிடம் நேராகப் போய், "நாளைக்கே இவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாய். அந்த மனுஷன் மீன் இலையைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

அவள் போனாளா அக்கா? பெயரைக்கூட நாம் கேட்கவில்லையே.

அடுத்த வாரமே நீ கம்பெனிக்குத் திரும்பினாய். சாப்பாட்டு நேரத்தில் உன் கதையை நீயே சொன்னாய். சில வருஷம் கழித்து அந்த நோய் திரும்ப வந்து உன்னைக் கொண்டுபோனபோது, நம் உழவர்கரை வீடு கொள்ளாமல் பெண்கள் வந்தார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு, "ஒங்க அக்கா சொல்லித்தான் நான் போய் காட்னேன். பொழச்சிக்கிட்டேன்" என்றாள். அன்று அழுதபடியேதான் தலை நிமிர்ந்து நின்றேன், இவள் என் அக்கா என்று.

இதையெல்லாம் கேட்டு மாலதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கல்யாணத்துக்கு நீங்க வராததே நல்லதாப் போச்சுண்ணே" என்றாள்.

ரேவதி நர்சிங் சேர்ந்திருக்கிறாள், அக்கா. விடுதிக்குப் போகும்போது அழவே இல்லை. மாமாதான் அழுதார். ஆஸ்பத்திரியில் என்னையும் வருஷா வருஷம் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை தனியாகப் போய்வந்தேன். இந்த முறை நம் தெருப் பெண்கள் நாலு பேர் கூட வருகிறார்கள். ஒருத்திக்கு ரொம்பப் பயம். அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வேன். ரேவதி படித்து முடித்து வரும்வரை இவர்களை அழைத்துப் போவது என் வேலை. நடுவில் விடமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

கலாவின் தங்கச்சி என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படும்,
உன் கூடப்பிறந்தவள்
தனம்