பனியில் செத்த ஆறு பேரும் அண்ணையின் கல்வெட்டும்

என்னோடு ஒருநாளும் கோபிக்கத் தெரியாத என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் இரண்டு வருசம் ஆகப்போகிறது. நான் செய்த ஒரு கேவலத்தைச் சொல்லத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். நல்லவேளை, உங்களால் பதில் சொல்ல ஏலாது.

எண்பத்து நாலில் அகதியாக வந்து இறங்கி, லண்டனில் மலையேறிகளின் பழைய நூலகம் ஒன்றில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தீர்கள். பத்து வருசமாக இமயமலையைப் பற்றியே வாசித்த மனிசன் ஒரு மேட்டில்கூட ஏறியதில்லை. கடைசியில் அந்த நூலகத்தின் மூன்றாம் மாடிப் படியில், வரைபடக் கட்டோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். செத்தவீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தவர்களும் இருந்தார்கள். நானும் சிரித்தேன்.

பழைய மலைப்பயண நாட்குறிப்பு ஒன்று உங்கள் கையில் கிடைத்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் சிலர் ஆளரவமில்லாத ஒரு பனிமலைக்குப் போன கதை. பனி சரிந்து செத்தவர்கள் "ஆறு கூலிகள்" என்று ஒரு வரி. அதே பக்கத்தில் தலைவருடைய நாயின் பெயர் இருந்தது. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கத்தினீர்கள்.

"டேய், நாய்க்குப் பேர் எழுதத் தெரிஞ்சவனுக்கு இந்த ஆறு பேரின்ரை பேரையும் எழுத ஏலாமல் போச்சே?"

"செத்த சனத்தின்ரை பேரை வைச்சு என்ன செய்யப் போறியள், அண்ணை?" என்று கேட்டேன். அந்த வயதில் எனக்கு வாய் அதிகம்.

பெயர்கள் அந்தப் பயணத்து டாக்டரின் கொப்பியில் அகப்பட்டன. பனி தின்ற கால்விரல்களை வெட்டியவர், யாருக்கு எத்தனை விரல் என்று பெயரோடு குறித்திருந்தார். செத்தவர்களில் நான்கு பேர் அதற்கு முன்னர் இருமலுக்கும் பல்வலிக்கும் அவரிடம் மருந்து வாங்கியிருந்தார்கள். ஒரு நோயும் வராத மற்ற இரண்டு பேரின் பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஒரு பல்லாவது வலித்திருக்கக் கூடாதா என்று நீங்கள் அழுததைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்தக் கொப்பியைத் தேடித் தந்தவர் மொய்ரா. நூலகத்தின் அதே மூன்றாம் மாடியில் கிழிந்த புத்தகங்களைக் கட்டுகிற ஸ்கொட்லாந்துக்காரி. பிறகு உங்கள் மனைவி. நோர்பரி பிளாட்டில் ஏழு வருசம் ஒன்றாக இருந்தீர்கள். ஊரில் அம்மாவுக்கோ மற்றவர்களுக்கோ அது தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு உங்கள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். உங்கள் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி. எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற மாமா வந்து கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"இது ஊருக்கும் போகும். தங்கச்சி இன்னும் வீட்டோடை இருக்கிறாள். வெள்ளைக்காரியின்ரை பேரைப் போட்டால் அவளை ஆர் கட்டுவான்? கொம்மா தாங்குவாவே? பேசாமல் விடு."

விட்டேன். வம்சாவளியில் ஒவ்வோர் ஆணின் பெயருக்கும் கீழே அவர் மனைவியின் பெயர் வரும். உங்கள் பெயருக்குக் கீழே வெறும் இடமாகக் கிடந்தது, பார்க்க வடிவாக இல்லை. "மணமாகாதவர்" என்று போடச் சொன்னவன் நான்தான். மாமாகூட அதைச் சொல்லவில்லை.

அந்தியேட்டியன்று மொய்ரா மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தார். அண்ணையோடு வேலை செய்தவர் என்று தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அவர் வம்சாவளிப் பக்கத்தைப் பிரித்து, உங்கள் படத்துக்குக் கீழே பார்த்த அதே எழுத்துகளைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே இருந்த சொல்லில் விரலை வைத்தார்.

"இது நானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ்" என்றேன்.

நன்றி சொன்னார். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார். போன நேரமெல்லாம் அதற்கு எதிரே இருந்து தேத்தண்ணி குடித்தேன். என்ன பிறவி நான்?

தங்கச்சிக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கல்வெட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். அம்மா மட்டும்தான் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். "ஒரு வாய் தண்ணி பருக்க ஒருத்தி இல்லாமல் என்ரை பிள்ளை தனியச் செத்துப்போனானே" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறார். நானும் "கவலைப்படாதையுங்கோ" என்று பதில் போடுகிறேன்.

அண்ணை, மொய்ரா தமிழ் படிக்கிறார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு, சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு. இதை அறிந்த நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். போனேன். சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தார். ஓர் எழுத்திலும் பிழை இல்லை. "என் பெயர் இதில் இல்லை. இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். சொன்னேன்.

அழவில்லை. ஏசவுமில்லை.

"எங்கள் கலியாணப் பதிவில் சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டவன் நீயல்லவா?" என்றார்.

கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்தேன்.

இனி அவர் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவேன்? மன்னிப்புக் கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணை. இதை மூடியதும் அம்மாவுக்கு எழுதுகிறேன். அவர் என்னைப் பிள்ளை இல்லை என்று தள்ளினாலும் தள்ளட்டும். எல்லாவற்றுக்கும் முதல் இதைத்தான் எழுதுவேன்:

"அம்மா, அண்ணை தனியச் சாகேல்லை. தலை அண்ணியின்ரை மடியிலைதான் இருந்தது. கடைசித் தண்ணி பருக்கினதும் அவதான். அவவின்ரை பேர் மொய்ரா."

உங்கள் தம்பி