சனிக்கிழமைக்கு எடுத்து வைத்த பேச்சு

காக்ஸ் டவுன், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள ஆல்வினுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீயும் ஷெரினும் குட்டி ரேச்சலும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று உங்கள் மூன்று பேரையும் பெயர் சொல்லித்தான் தினமும் ஜெபத்தை முடிக்கிறோம். ஹாலிஃபாக்ஸில் குளிர் ஆரம்பித்துவிட்டதாக ஷெரின் சொன்னாள், ரேச்சலைக் காதை மூடும் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. இங்கே மழை விட்டபாடில்லை, ஒரு ஈடு துணி காய்வதற்குள் அடுத்த ஈடு சேர்ந்துவிடுகிறது, தெருவை மறுபடியும் குழாய்க்காகத் தோண்டிப் போட்டுவிட்டார்கள், அப்பா ஸ்கூட்டரை மெயின் ரோட்டில் மருந்துக்கடை முன்னால் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். அவருக்கு சுகர் பரவாயில்லை, என் முழங்கால் எப்போதும்போலத்தான். போன் இருக்கும்போது அம்மா ஏன் மெயில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார், அதுவும் போக நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நீ "அம்மா, இரு இரு, இது நல்லா இருக்கு, இதை மைக்கிலே சொல்லு" என்கிறாய். இது மைக்கில் சொல்லவேண்டியது இல்லை. அப்பா ரிச்சர்ட்ஸ் பார்க்குக்கு நடக்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி முடிக்கவேண்டும், இந்த டேப்லெட்டில் புள்ளியையும் கமாவையும் தேடினால் சொல்லவந்தது மறந்துபோகிறது, அதனால் கிடைத்த இடத்தில் நிறுத்திப் படித்துக்கொள்.

நம் சனிக்கிழமைச் சண்டை ஷோ இத்தனை வாரமாக ஏன் வரவில்லை என்று நீ கேட்டதற்கு, மைக் கரகரவென்கிறது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அப்பா சொன்னார் அல்லவா, மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அலமாரியில் மேஜை விரிப்புகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது, வைத்தவள் நான்தான். நீ ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே, ஆரம்பத்தில் எங்களுக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்கே தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்திருந்தபோது குல்குல் பலகாரத்து மாவுக்குத் தேங்காய்ப்பால் விடவேண்டுமா வேண்டாமா என்று நானும் அப்பாவும் சமையலறையில் போட்ட சண்டையை நீ எங்களுக்குத் தெரியாமல் ரெக்கார்ட் பண்ணி இன்டர்நெட்டில் போட்டாய், யார் யாரோ கேட்டுவிட்டு அடுத்த சண்டை எப்போது என்றார்கள். ஊருக்குப் போகும்போது மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். முதல் சில மாதம் சனிக்கிழமை என்றாலே எனக்கு ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்புவதுபோல ஒரு சந்தோஷம். காலை டிபன் முடிந்ததும் பஸ் சத்தம் வராமல் இருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, அப்பா தொண்டையைக் கனைத்து, நான் சிரித்து, முதலிலிருந்து ஆரம்பித்து, அவர் மறுபடியும் கனைத்து, இப்படியே பாதி நேரம் போய்விடும். யார் கேட்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

பிறகு நீ அந்த அட்டவணையை அனுப்பினாய். எந்த வாரம் எந்தத் தலைப்பு, அப்பா எந்தப் பக்கம், நான் எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், ஒரு சனிக்கிழமைகூட விடக்கூடாது, விட்டால் கேட்பவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள் என்று. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் தலையாட்டினோம். அப்பாவுக்கு எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் வந்தது அப்போதுதான், எழுந்ததும் பைபிள் எடுக்கிற மனுஷன் போனை எடுத்து, பெட்டி பெட்டி என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, "இந்த வாரம் இறங்கிடுச்சு" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். தேங்காய்ச் சட்னி என்றால் அவருக்கு உயிர், ஆனால் உன் அட்டவணையில் அப்பா எதிர்ப்பு என்று இருந்ததால் மைக்கில் அதைத் திட்டினார், அப்புறம் சபையில் யாராவது கேட்டுவிட்டுக் கேலி செய்வார்களோ என்று இரண்டு வாரம் சட்னி தொடவில்லை. இதற்கெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிப்பு நின்றது எங்கே என்றால், ஒருநாள் கறிக்கடையிலிருந்து வந்தவர் பையைக்கூட இறக்காமல் "பெட்டி, இன்னிக்கி கடையிலே என்னாச்சு தெரியுமா" என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி "வேணாம், சனிக்கிழமை சொல்றேன், அப்போதான் நீ புதுசா கேட்கிற மாதிரி இருக்கும்" என்றார். கொஞ்ச நாளில் நானும் அப்படியே ஆகிவிட்டேன். காய்கறிக்காரம்மா சொன்ன வம்பு, ஆயர் பிரசங்கத்தில் தடுமாறியது, எல்லாவற்றையும் சனிக்கிழமைக்கு என்று எடுத்து வைத்துவிடுவேன். மற்ற நாளெல்லாம் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து உப்பு எடு, தண்ணீர் எடு என்பதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாமல் இருந்ததுண்டு, பேசாமல் இருந்ததில்லை ஆல்வின்.

அப்புறம்தான் பிள்ளைகள் வெளிநாடு போவது நல்லதா கெட்டதா என்ற தலைப்பு. நான் நல்லது என்று பேசவேண்டும், அப்பா கெட்டது என்று பேசவேண்டும். நான் உன் வேலை, ரேச்சலின் ஸ்கூல் எல்லாம் சொல்லி முடித்தேன். அப்பா எப்போதும்போல ஜோக்கடிப்பார் என்று பார்த்தால், "சாயந்திரம் ஆனா என் காது கேட் பக்கமே போகுது, யாரும் வரப்போறதில்லேன்னு தெரியும், ஆனாலும் போகுது, அதனாலேதான் அந்த நேரத்திலே நான் ரேடியோவைச் சத்தமா வெச்சுக்கிறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ரேடியோவுக்காக நான் அவரோடு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். பேசவேண்டியதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவரோ, நல்லா இருக்கு, நிறுத்தாதே, மேலே பேசு என்று கையைச் சுழற்றிக் காட்டினார். ரெக்கார்டிங் முடிந்து கம்பளியை மடிக்கும்போது "அது நிஜமாவே சொன்னீங்களா, இல்லே ஷோவுக்காகவா?" என்று கேட்டேன். கம்பளியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டே "எனக்கே தெரியலை பெட்டி" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நீ அந்த இடத்தை மட்டும் வெட்டி, கீழே வயலின் வாசிக்கவிட்டுத் தனியாகப் போட்டாய், நிறைய பேர் கேட்டார்கள் என்று எண்ணிக்கையை அனுப்பினாய். அப்பா சொன்னது என்ன என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. கோபத்தில் எழுதவில்லை, அலுத்துப்போய்விட்டால் மனுஷருக்குக் காது அப்படி ஆகிவிடும், எங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அடுத்த வாரமே பெருமாள்சாமி அங்கிள் வந்தார், அப்பாவோடு பேக்டரியில் ஒரே ஷிப்டில் இருந்தாரே, இப்போது ஆனேக்கலில் இருக்கிறார். அவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி, போன்கூடப் பண்ணாமல் வந்திருந்தார், முகமே சரியில்லை. நான் டீ கொண்டுவந்து வைத்தேன், "டிரேவர், வீட்டிலே ஒரு விஷயம்" என்று அவர் அப்பாவிடம் வாயைத் திறந்தார். அப்பா என்ன செய்தார் தெரியுமா, "இருப்பா பெருமாள்சாமி, ஒரே நிமிஷம், மைக்கை எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கம். அங்கிள் டீயை மெதுவாகக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "நான் உன்கிட்ட சொல்ல வந்தேன் டிரேவர், ஊருக்குச் சொல்ல வரலை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா கையில் மைக்கோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அதை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஜன்னலில் கம்பளி தொங்கவில்லை. அப்பா சட்டை மாற்றிக்கொண்டு ஆனேக்கலுக்கு பஸ் ஏறினார், திரும்பி வரும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது, மழையில் நனைந்திருந்தார். தலையைத் துவட்டியபடியே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பெருமாள்சாமி அங்கிள் சொன்னதை ஒன்றுவிடாமல் என்னிடம் சொன்னார். அது என்ன என்று உனக்குக்கூட எழுதமாட்டேன், அது அவர்கள் வீட்டு விஷயம், அங்கிளுக்காகவும் ஜெபித்துக்கொள், அவ்வளவு போதும். அங்கிள் முதலில் கேட்டைத் திறக்கவே இல்லையாம், "மைக் எங்கே?" என்று கேட்டாராம், அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாராம், பிறகுதான் உள்ளே விட்டாராம். இதைச் சொல்லும்போது அப்பா சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. சாதத்தைப் பிசைந்துகொண்டே "அன்னிக்கி நீ கேட்டே இல்லே, நிஜமா ஷோவுக்கான்னு. அப்போ தெரியலைன்னு சொன்னேன். இப்போ தெரியுது பெட்டி, நிஜம்தான்" என்றார். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்ட தட்டு அப்படியே காய்ந்துபோகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு மைக்கைப் பற்றி இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. முதல் இரண்டு சனிக்கிழமை அப்பா கூண்டில் அடைத்த மாதிரி வீட்டுக்குள் சுற்றினார், பிறகு சரியாகிவிட்டார், சட்னியும் தொட்டுக்கொள்கிறார். கேட்பவர்கள் எல்லோரும் வேறு பக்கம் போயிருப்பார்கள் என்று நினைத்தேன், ஆனால் வைட்ஃபீல்டில் வேலை செய்யும் ஸ்ரீவித்யா என்ற பெண், ஆபீஸ் பஸ்ஸில் எங்களைக் கேட்பாளாம், "அங்கிள் ஆன்ட்டி சுகமா இருக்கீங்களா, அது மட்டும் தெரிஞ்சா போதும், மெதுவா வாங்க" என்று எழுதியிருந்தாள். சுகம், ஓய்வெடுக்கிறோம் என்று நானே பதில் போட்டேன். போன வாரம் காலையில் பின்பக்கத்து பட்டர் ஃப்ரூட் மரத்தின் கிளையை வெட்டவேண்டும், ஓடு உடைகிறது என்று அப்பா சொன்னார், காய்க்கிற கிளையை எவன் வெட்டுவான் என்று நான் கேட்டேன். அது டிபனில் ஆரம்பித்து மதியச் சாப்பாடு தாண்டி, அவர் பாத்ரூமுக்குள்ளிருந்தும் பதில் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. உண்மையான சண்டை. நடுவில் நானே எழுந்துபோய் மேஜை விரிப்புக்கு நடுவிலிருந்து மைக்கை எடுத்துவந்து வைத்தேன், "இப்போ சொல்லுங்க, அந்த ஓடு மரம் வெச்சதுக்கு முன்னாடி போட்டதா பின்னாடி போட்டதா?" என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கம்பளி போடவில்லை, கனைக்கவும் இல்லை. எப்போது முடிந்தது என்றுகூடத் தெரியவில்லை, கிளை இன்னும் மரத்தில்தான் இருக்கிறது.

அந்த ரெக்கார்டிங்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குக்கர் சத்தமும் குழாய் தோண்டுகிறவர்கள் கன்னடத்தில் கத்துவதும் கேட்கும், ஒன்றையும் வெட்டாதே, அப்படியே போட்டுவிடு. இனிமேல் இப்படித்தான், சண்டை வந்தால் ரெக்கார்ட் பண்ணுவோம், வராவிட்டால் இல்லை, எது நடந்தாலும் முதலில் வீட்டில் சொல்லிவிடுவோம், மைக்குக்கு மிச்சம் இருந்தால் அதற்கு. அட்டவணை அனுப்பவேண்டாம், எண்ணிக்கையை அப்பாவுக்குச் சொல்லவேண்டாம், அவர் கேட்டாலும் சொல்லாதே. மழைக்காலம் முடியும்வரை ஒன்றும் வராமல் போனாலும் போகட்டும், ஸ்ரீவித்யா மாதிரி நாலு பேர் இருந்தால் போதும். இன்னொன்று, ஷெரின் உன்னைப் போட்டுக்கொடுத்ததாக நினைக்காதே, நானாகத் துருவித்தான் கேட்டேன். ஆபீஸ் முடிந்து வந்தும் ஹெட்ஃபோனைக் கழற்றுவதில்லையாம், ஞாயிற்றுக்கிழமை அவளும் ரேச்சலும் மட்டும் ஏரிக்கரைக்குப் போய்வருகிறார்களாம், குழந்தை உன் காதில் தட்டிவிட்டுத்தான் பேசுகிறதாம். எங்களுக்காக நீ ஒரு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டாய், அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. முன்பெல்லாம் எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு நடுவில் எங்கே சிரித்தாய் என்று எழுதுவாய், கடைசியாக நீ எழுதியதெல்லாம் எந்த நிமிஷத்தில் சத்தம் குறைகிறது என்பதுதான். உனக்கும் அலுத்துவிட்டது கண்ணா. கொஞ்ச நாள் நீ எங்களைச் சும்மா கேள், அல்லது கேட்காமலே இரு. அந்த வயலின் போட்டதை மட்டும் எடுத்துவிடு, மற்றதெல்லாம் இருக்கட்டும்.

கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது, அப்பா வந்துவிட்டார். காது கேட் பக்கம் போவது நிஜம்தான் என்று அவர் சொன்னதை நான் உனக்கு எழுதிவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது, அவரே உன்னிடம் சொல்லட்டும் என்று நச்சரித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், உனக்கு அங்கே காலை, கூப்பிடுவார், அந்த நேரம் நான் மாடியில் துணி எடுக்கப் போய்விடுவேன், ஸ்பீக்கரும் இருக்காது. எடுத்ததும் மழை, சுகர், குழாய் என்று ஆரம்பிப்பார், பிறகு ஷோவைப் பற்றிக் கேட்பார், பிறகு பேச ஒன்றும் இல்லாததுபோல நிறுத்துவார். அப்போது நீ சரிப்பா வைக்கட்டுமா என்று சொல்லிவிடாதே. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இரு. அவர் சொல்லுவார்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், ரேச்சலுக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம், ஷெரினிடம் அம்மா அன்பைச் சொல். ராத்திரி சீக்கிரம் படு.

என்றும் உன் நினைவாக,
அம்மா
பெட்டி டிரேவர்