அப்பா இறங்கப் போன துறை

நெய்வேலி,
24.2.1981

அன்பு மகள் தமயந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தத் தூர தேசத்தில் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க மருதமலை முருகன் துணை நிற்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எப்போதும் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரவில்லை. பதறாதே கண்ணு, அப்பா உள் அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, கடைசி வரைக்கும் பொறுமையாகப் படி, மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரத்தில் வயிறு இளகுகிறது என்று எழுதியிருந்தாய், ஓமம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஆறவைத்துக் கொடு, நைஜீரியாவில் ஓமம் கிடைக்காவிட்டால் எழுது, யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். இங்கே முந்திரி பூத்துவிட்டது, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வாசனை வருகிறது. எதிர் வீட்டுத் தனபாக்கியம் தன் மகளுக்குப் பண்ருட்டியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறாள், உன்னை ரொம்ப விசாரித்தாள்.

பனாஜியிலிருந்து நான் போட்ட கப்பல் படத்துக் கார்டு வந்து சேர்ந்திருக்கும். நன்றாகச் சுற்றிப் பார்த்தோம், சந்தோஷமாக இருக்கிறோம் என்று எழுதியிருந்தேன், அதில் பாதிதான் உண்மை. போன மழைக்காலத்திலிருந்தே அப்பா ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். கூட்டுறவுக் கடைக்குச் சைக்கிளில் போய்விட்டு நடந்து வருவார், சைக்கிள் எங்கே என்றால் திருதிருவென்று விழிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்து போகும். நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்து உடம்பு களைத்துவிட்டது என்று நானும் நினைத்தேன், அவரும் அப்படியே சொன்னார். செம்பூரில் இருக்கிற சிங்காரவேல் மாமாதான், லீவு போட்டுவிட்டு அக்காவும் மாமாவும் பம்பாய்க்கு வாருங்கள், கோவா கப்பலில் ஏற்றிவிடுகிறேன், ஒரு ராத்திரி கடலில், ஒரு பகல் கோவாவில், அடுத்த கப்பலில் திரும்பிவிடலாம், கடல் காற்று பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வற்புறுத்தினான். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் போன பயணம் என்று ஒன்று கிடையாது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

காலையில் கப்பல் கிளம்பியது. மேல்தளத்தில் மாமா எங்களுக்கு இடம் பிடித்து, போர்வையை விரித்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் இருந்த தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். சுற்றிலும் தகரப் பெட்டியும் கூடையுமாக ஊருக்குப் போகிற கொங்கணத்து ஜனங்கள், ஒருத்தர் பேச்சும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அப்பாவை நீ பார்த்திருக்க வேண்டும் தமயந்தி. பம்பாய்க் கட்டடங்கள் சின்னதாகிக் கொண்டே போவதைப் பார்த்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. கீழே போய் இன்ஜின் ரூம் வாசலில் நின்று சைகையிலேயே பேசினாராம், அங்கே வேலை செய்கிற ஆள் உள்ளே கூப்பிட்டுக் காட்டினானாம், வந்து என்னிடம் ஒவ்வொரு பாகமாகச் சொன்னார். நம்ம மெஷினைவிடச் சத்தம் கம்மி சுப்பு, ஆனா சூடு சாஸ்தி என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் மடியில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் தூங்கினார். நாலு பேர் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கம், ஆனாலும் எழுப்பவில்லை. கார்டில் எழுதின சந்தோஷம் அதுதான்.

வெயில் தாழ்ந்த பிறகு டீ வாங்கி வருகிறேன் என்று போனார். போனவர் வரவில்லை. கப்பல் கரைக்குப் போகாமல் ஏதோ ஒரு சின்ன ஊருக்கு எதிரே கடலிலேயே நின்றது. அந்த மாதிரி ஊர்களில் நாட்டுப் படகுகள் கப்பலை ஒட்டி வந்து நிற்கும், கீழ்த்தளத்தில் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள், ஜனங்கள் அலை தூக்குகிற நேரம் பார்த்துப் படகில் கால் வைத்து இறங்க வேண்டும். நான் டீ விற்கிற இடத்தில் தேடினேன், இன்ஜின் பக்கம் தேடினேன், எங்கும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் தூக்குச்சட்டியையும் காணோம். படியில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். இறங்குகிற வரிசையில் கதவை ஒட்டினாற்போல் அப்பா நிற்கிறார், சட்டைப் பித்தானை எல்லாம் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு. அவருக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். கீழே படகு ஏறி ஏறி இறங்குகிறது. நான் போய்க் கையைப் பிடித்தேன். ஷிப்ட் முடிஞ்சு போச்சுங்க, பஸ்ஸு நிக்குது பாருங்க என்றார். ஏனுங்க, நானுங்க, சுப்பு என்றேன். என் முகத்தை நன்றாகப் பார்த்தார் தமயந்தி. பார்த்துவிட்டு, கையை விடுங்க அம்மணி, பஸ்ஸு போயிருமுங்க என்று, யாரோ ஊர்ப் பெண்பிள்ளையிடம் பேசுகிற மரியாதையோடு சொல்லிவிட்டு ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார். நான் போட்ட கூச்சலில் மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மாள் கூடையை அப்படியே போட்டுவிட்டு அவருடைய இன்னொரு கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்ளே இழுத்து உட்கார வைத்தோம். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, என் கண்ணைத் துடைத்துவிட்டு அதே படகில் இறங்கிப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, ஏம்புள்ள அழுகறே, என்னாச்சு என்று கேட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தலை சுற்றியது என்று நான் பொய் சொன்னேன். விடிகிற வரைக்கும் என் முந்தானையை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கோவாவில் அவர் பழையபடி ஆகிவிட்டார், பேரனுக்கு ஒரு மரக்கப்பல் பேரம் பேசி வாங்கினார், கார்டையும் தேர்ந்தெடுத்தது அவர்தான். திரும்பி வருகிற கப்பலில் நான் அவரைத் தனியாக விடவே இல்லை, கடலையும் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே மார்னிங் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். சுரங்கத்தில் மண்ணை வெட்டி எடுக்கிற அத்தனை பெரிய மெஷினை மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவர், கப்பலில் வந்த மாதிரி அங்கே வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோடு அதே மெஷினில் வேலை செய்கிற பெரியண்ணன் உனக்கு ஞாபகம் இருக்கும், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வருவாரே, அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு விட்டேன். கப்பலில் நடந்ததைச் சொன்னேன். அவர் தலை நிமிராமலே கேட்டார். பிறகு, எனக்குத் தீவாளிக்கு முந்தியே தெரியும் அண்ணி என்றார். மேல ஏறி ஒக்காந்துகினு, எந்தப் புடிய இழுக்கணும் பெரியண்ணான்னு என்னியக் கேப்பாரு, நான் பக்கத்துலயே நின்னுகினு கையக் காட்டுவேன், அப்பறம் சரியாப் பூடும், என்னிய பர்மனென்ட் பண்ணணும்னு ஆபீசு ஆபீசா ஏறி எறங்குன மனுசன், அவரப் பத்தி நான் எந்த வாயால போயி சொல்லுவேன் என்றார். சொல்லிவிட்டு எழுந்தவர் வாசலில் நின்று, அந்த மெஷினுக்குக் கீழ எந்தம்பி பாவாட தான் அண்ணி வேல செய்யறான், தெனமும் வூட்டுக்குப் போற வரைக்கும் எனக்கு உசிரு கையில இல்ல என்றார். அவர் போன பிறகு நெடுநேரம் கதவைச் சாத்தக்கூட எழுந்திருக்கவில்லை.

ஆபீசில் நானே போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் செய்தால் அதைவிட அவமானம் அவருக்கு வேறு இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடமே சொன்னேன், அம்மணி என்று கூப்பிட்டதைக்கூட மறைக்கவில்லை. உனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு என்று கத்தினார். கடல் ஒத்துக்காம மயக்கம் வந்திருக்கும், அதப் போயி பெருசு பண்றே, மெஷின் என் கையில பேசும், ரிடையர் ஆகறதுக்கு முன்னால என்னைக் கீழே தள்ளப் பாக்கறியா என்றார். நம் வீட்டில் அவர் குரல் அப்படி உயர்ந்து நீ கேட்டிருக்க மாட்டாய். கீழ பாவாடை நிக்கறானுங்க, அவனுக்கும் பொண்டாட்டி இருக்குதுங்க என்று மட்டும் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொள்ளாமல் ஷிப்ட் பஸ் ஏறிவிட்டார். நான் வீட்டில் இருக்க முடியாமல் பிள்ளையார் கோயிலில் போய் உட்கார்ந்தேன், கும்பிடக்கூடத் தோன்றவில்லை, மைன்ஸ் பக்கமிருந்து ஏதாவது ஆபத்துச் சங்கு ஊதுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷிப்ட் முடிவதற்கு வெகு முன்னாலேயே பெரியண்ணன் அவரை அழைத்துக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று அவர்தான் சொன்னார். மெஷினில் பாதிப் படி ஏறினவர் அங்கேயே நின்றுவிட்டாராம். கீழே பாவாடை மண்ணை வாரிக்கொண்டிருந்தவன், இன்னாண்ணே, எதனா வோணுமா என்று கேட்டானாம். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, நேராக ஆபீஸுக்குப் போய், என்னை இனிமேல் மேலே ஏற்றாதீர்கள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாராம். பெரியண்ணன் இதைச் சொல்லும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா அழவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பசிக்குது சுப்பு என்றார். காலையில் விட்டுப் போன சாப்பாட்டையே போட்டேன், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

இப்போது லீவில் இருக்கிறார். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், வியாழக்கிழமை போகிறோம், பெரியண்ணனும் கூட வருகிறார். திரும்பி வந்தால் ஸ்டோர்ஸில் உட்காருகிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் இங்கே என்னிடம் தனியாக, இது வயதானவர்களுக்கு வருவது, இவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது, கூடுமே தவிரக் குறையாது என்றார். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. முந்தாநாள் தோட்டத்துக் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், குழாயை மூடிவிட்டு வந்து, தமயந்திக்கு எழுது என்றார். பயப்படற மாதிரி எழுதாதே, ஆனா எனக்கு அவ இன்னாருன்னு தெரியறப்பவே ஒருதரம் வந்துட்டுப் போகச் சொல்லு, பையனையும் தூக்கிட்டு வரச் சொல்லு என்றார். சொல்லிவிட்டுத் திரும்பப் போய்க் குழாயைத் திறந்துகொண்டார். நான் கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். நீங்கள் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்து லீவு ஜூலையில்தான் என்று தெரியும், மாப்பிள்ளைக்கும் சட்டென்று கிளம்ப முடியாது என்று தெரியும். இருந்தாலும் முன்னால் வர ஏதாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள். நீ மனசை விட்டுவிடாதே, அழுதுகொண்டு குழந்தைக்குப் பால் கொடுக்காதே.

நீங்கள் மூன்று பேரும் எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட நாள் ஒன்றாக வாழ வேண்டும், உன் மஞ்சளும் குங்குமமும் நிலைக்க வேண்டும், குழந்தைக்கு எங்கள் இருவருடைய முத்தமும். வருகிற தேதியைத் தந்தி கொடு. இன்னும் ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே கண்ணு. வந்ததும் வாசலில் சும்மா சிரித்துக்கொண்டு நிற்காதே. யார் என்று அவர் யோசிக்கிறதற்கு முன்னாலேயே, அப்பா என்று கூப்பிட்டுவிடு.

உன் அம்மா,
ம. சுப்புலட்சுமி