இடது கைக்கு ஒரு சார்ஜர்

இன்று வடசேரி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மொபைல் கடையில் நின்றேன். கடைக்காரன் யாருக்கோ காந்த சார்ஜர் காட்டிக்கொண்டிருந்தான். வயரைப் போன் பக்கம் கொண்டுபோனதும் 'டக்' என்று தானாகப் போய் ஒட்டியது. எனக்கு உடனே உன் முகம்தான் நினைவில் வந்தது. கண் நிறைந்தது, எரிச்சலும் வந்தது. வாங்க வந்ததை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தபின் எல்லாவற்றையும் இடக்கையால் சமாளித்தாய். தோற்றது போனுக்குச் சார்ஜ் போடுவதில் மட்டும்தான். ஒரு கை போனைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை பின்னைச் செருக வேண்டும். நீ போனை மடியில் இடுக்கிக்கொண்டு குருட்டாம்போக்கில் குத்திக் குத்தி, போனின் சார்ஜ் துளைக்குள் இருந்த நாக்கு உடைந்தே போனது. ரிப்பேர் செய்தபின், உன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்ற பெண்ணிடம்தான் கேட்க வேண்டியதாயிற்று. அவள் போடுவாள், முனகிக்கொண்டே போடுவாள். "காப்பி கேக்கக் கூச்சமில்லட்டி. இதக் கேக்கத்தான் செத்துப்போலாம்னு இருக்கு" என்றாய். ஆபீசில் எங்கள் எல்லாரையும் அதட்டி வேலை வாங்கியவள் நீ!

அதனால்தான் இதேபோல ஒரு காந்த சார்ஜரை அஞ்சுகிராமத்தில் உன் வீட்டுக்கு வாங்கிவந்தேன். குட்டி முனை போனிலேயே இருக்கும். வயரைக் கிட்டே கொண்டுபோனால் போதும். திரும்பத் திரும்ப எடுத்தாய், ஒட்டினாய். "கொள்ளாமே ஏட்டி, நல்லாருக்கே! இனி எவகிட்டயும் கெஞ்ச வேண்டாம்." வாய் ஒரு பக்கம் கோணினாலும் அது உன் பழைய சிரிப்புதான்.

பிறகு துபாயிலிருந்து லீவில் வந்தான் உன் மகன். கையில் உனக்கென்று விலை கூடிய புதுப்போன். "இந்த டூப்ளிகேட் சாமானெல்லாம் போன வெடிக்க வச்சிரும்மா" என்று காந்த சார்ஜரைத் தூக்கி எறிந்துவிட்டு, கம்பெனி சார்ஜரை உன்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். அதை உன் இடக்கை எப்படிச் செருகும் என்று அவன் நின்று பார்க்கவில்லை. புதுப்போனுக்குப் பொருந்துவதாக, நல்லதாகவே, நான் இன்னொன்று வாங்கிவந்தேன். நீ தொடக்கூட இல்லை.

"வேண்டாம்ட்டி. பிள்ள சொல்லிட்டுப் போனது. அவன் மனசு நோவும்."

உன் மனசு நோவாதா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

உன் அடக்கம் முடிந்ததும், உன் ஆபீஸ் தோழியான என்னைச் சித்தி என்றே கூப்பிட்டுப் பழகிய அவன் என்னிடம் வந்தான். "சித்தி, அம்மா கடைசியில எனக்கு ஒரு போன்கூடப் பண்ணல. நான் கூப்பிட்டா சுவிட்ச் ஆஃப். வீட்டுல நின்ன அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுக் கேட்டா, அம்மா உறங்குதாங்கன்னு சொல்லும். எம்மேல என்ன கோவம் அம்மைக்கு?"

"கோவம் ஒண்ணுமில்ல மக்கா. போன்ல சார்ஜ் இல்ல. போட்டுவிடச் சொல்லி அந்தப் பிள்ளகிட்ட கெஞ்ச அவளுக்கு மனசும் இல்ல. அவளால போட முடிஞ்ச ஒண்ணையும் நீ களஞ்சிட்டுப் போயிட்டியே" என்றேன். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவன் விம்மி விம்மி அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. நீ இருந்திருந்தால் அவன் தலையைத் தடவிக்கொண்டு, "பிள்ளைக்கு என்னட்டி தெரியும்?" என்று என்னைத்தான் அதட்டியிருப்பாய். அவனை என்றைக்காவது மன்னித்துவிடுவேன். அவன் மனசு நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தாயே, உன்னைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.