மழை நாளில் எடுத்த தண்ணீர்

ராத்தா,

இன்று பின்னேரம் கடுகண்ணாவை வளைவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் நிலக்கரி ஏற்றிய லொறி ஒன்று, மழையில் நனைந்து, ஏற முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. யன்னல் வழியே அந்த மணம் வந்தது. அப்போதுதான் அணைத்த தீக்குச்சியின் மணம். பக்கத்து இருக்கையிலிருந்த யாரோ ஓர் அம்மா மூக்கைப் பொத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருடமாகிறது. நிலக்கரி மணத்தில்தான் உங்கள் நினைவு வருகிறது என்றால், திகன கடைகளில் நீங்கள் தேடித்தேடி வாங்கிய அத்தரெல்லாம் கோபித்துக்கொள்ளும்.

கண்டியில் தண்ணீர் சோதிக்கும் அந்தச் சிறிய ஆய்வுகூடத்தில் நாம் இருவரும் ஒரே தரத்து ஊழியர்கள். மூன்று வயது கூட என்பதற்காக, உங்கள் வீட்டில் அக்காவை அழைப்பது போல, உங்களை ராத்தா என்று கூப்பிட ஆரம்பித்தேன். எங்கள் வீட்டிலும் அதுவே உங்கள் பெயராகிவிட்டது.

அந்த வேலை வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? நிலக்கரியைக் கொட்டி, சலித்து, தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் களம். அதை ஒட்டி ஓர் ஓடை. கொஞ்சம் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். அங்குள்ளவர்கள் குளிப்பதும் துவைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். தண்ணீர் கறுக்கிறது என்று மனுக் கொடுத்திருந்தார்கள். அது லயத்துக் குப்பையால் வருவது என்றார் களத்து மேனேஜர். களத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஈரிடம் என்று நாம் தண்ணீர் எடுத்தோம். நல்ல வெயில். மூன்று போத்தலும் கண்ணாடி போல் இருந்தன. சோதனையிலும் பெரிய வித்தியாசமில்லை. ‘பாதிப்பு இல்லை’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். நீங்கள் வாசித்துவிட்டுப் பேனையை மூடினீர்கள்.

“மழயில பாக்காம எப்பிடி இல்லண்டு செல்லுற?”

“நம்ம ஆபீஸ் பெரியவர் அறிக்கைய இன்னைக்கே கேக்குறாரு ராத்தா. மூணு எடத்துலயும் ஒரே மாதிரிதானே வந்திருக்கு.”

“வெயில் நாளைக்கு ஒரே மாதிரி. அப்பிடி எழுது, நான் சைன் வெக்கிறன்.”

எனக்குக் கோபம். நான்கு நாள் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டேன். நீங்கள் தினமும் என் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் ஒரு துண்டு இனிப்பு வட்டிலாப்பம் வைத்தீர்கள். நானும் சுவரைப் பார்த்தபடியே தின்று முடித்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வானம் இருண்டது. மழைக்கோட்டோடு வந்து “வா” என்றீர்கள். அவ்வளவுதான், சண்டை முடிந்தது.

களத்துக்கு மேலே ஓடை வெறும் செம்மண் நிறத்தில் ஓடியது. கீழே வந்தால், களத்து வேலிக்கு அடியிலிருந்து கறுப்பாக இரண்டு கோடுகள் இறங்கி அதில் கலந்துகொண்டிருந்தன. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு லயத்திலிருந்து ஓர் அக்கா வந்தார்.

“அன்னைக்கு வெயில்ல வந்து பாத்துட்டுப் போயிட்டீங்க. நீங்களும் அவங்க ஆளுன்னு நெனச்சோம்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. “அதுக்குத்தான் திரும்பி வந்தீக்கிறோம்” என்று சொல்லிவிட்டுக் குனிந்தீர்கள். போத்தல் நிறைந்தது, கால் வழுக்கியது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தீர்கள். போத்தல் பிடித்த கை மட்டும் மேலே.

“போத்தல் சரியா?”

“சரி, ராத்தா.”

“அப்ப மூடு. எனக்கு என்னண்டு பொறகு பாப்பம்.”

அந்த அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு மூவரும் நிறுத்த முடியாமல் சிரித்தோம். சத்தம் கேட்டுக் குடையோடு மேனேஜர் வந்தார். இடுப்புக்குக் கீழே கறுத்துப்போயிருந்த உங்கள் இளநீலச் சல்வாரையும் வேலியடியையும் மாறி மாறிப் பார்த்தார். குப்பைக் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மறுநாள் அந்தத் தண்ணீரை வடித்த வடிதாள்களை மேசையில் வரிசையாக வைத்தோம். மேலேயுள்ளதில் செம்மண். கீழேயுள்ள இரண்டிலும் கரி. அமிலமும் இரும்பும் கூடியிருந்தன. என் பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இந்த முறை நீங்கள் முதலில் கையெழுத்து வைத்தீர்கள். சில மாதங்களில் கரிக் குவியலுக்குக் கூரை வந்தது. களத்துத் தண்ணீர் தங்கித் தெளிய இரண்டு தொட்டிகள் வந்தன. அதையும் அடைமழையில் போய்த்தான் பார்த்தோம். மூன்று வடிதாளும் ஒரே செம்மண் நிறம். லயத்து அக்கா தந்த இஞ்சித் தேத்தண்ணியை நீங்கள் இரண்டு கோப்பை குடித்தீர்கள்.

போன மாதம் பன்விலவில், எங்கள் ஊர்ப் பக்கத்தில், இன்னொரு ஓடைக்கு இதே போல ஒரு கோப்பு வந்தது. முடிவுகள் நன்றாக இருந்தன. பெரியவர் கையெழுத்துக் கேட்டார். “மழ வரட்டும் சேர்” என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். பிறகு சரி என்றார்.

என் மேசையை யன்னலோரம் மாற்றிக்கொண்டேன், ராத்தா. அங்கிருந்து ஹந்தானை மலை தெரிகிறது. அதில் முகில் இறங்கினால், எல்லோரும் குடையைத் தேடும் நேரத்தில் நான் போத்தல்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.